பணத்தை உருவாக்கும் அதிகாரம் யாரிடம் இருக்கலாம்?

வாசகர் ஒருவர் கேட்கிறார்: ‘வங்கிகள் வெறுங்கையால் பணத்தை உருவாக்குகின்றன, அதைத் தடுக்க வேண்டும் என்று ஓர் அமைப்பு என்னிடம் கையெழுத்துக் கேட்கிறது. தங்கமும் பிட்காயினும்தான் நேர்மையான பணம் என்கிறார் என் நண்பர். இரு தரப்பும் வங்கிகளைத் திட்டுகின்றன, ஆனால் ஒன்றுக்கொன்று ஆகாது. இது இடதுசாரி அரசியலா, வலதுசாரியா? நான் கையெழுத்துப் போடலாமா?’

அமைப்பு சொல்வதில் பெரும்பகுதி உண்மைதான். நீங்கள் வங்கியில் 1,00,000 கடன் வாங்குவதாக வைத்துக்கொள்வோம். யாரோ போட்டுவைத்த பணத்தை எடுத்துத் தருகிறார்கள் என்றுதான் பலரும் நினைக்கிறோம். பேரேட்டில் நடப்பது வேறு. ஒரு பக்கத்தில் ‘இவர் நமக்குத் தர வேண்டியது 1,00,000’ என்று பதிகிறார்கள். மறுபக்கத்தில் உங்கள் கணக்கில் 1,00,000 வரவு வைக்கிறார்கள். வேறு யார் கணக்கிலும் ஒரு காசுகூடக் குறையவில்லை. நீங்கள் அசலை அடைக்க அடைக்க அந்தப் பணம் இல்லாமல் போய்விடும். இங்கிலாந்தின் மத்திய வங்கியே 2014-ல் தன் காலாண்டிதழில் இதை வெளிப்படையாக விளக்கியது. அதற்காக வங்கி இஷ்டத்துக்கு எழுதிக்கொள்ள முடியாது. நீங்கள் வேறு வங்கிக்குப் பணம் அனுப்பினால் அது ஈடுகட்ட வேண்டும், கடன் திரும்பாவிட்டால் நட்டமும் அதற்குத்தான்.

சரி, குறை எங்கே என்பதில் ஒத்துப்போகிறவர்கள் தீர்வில் ஏன் முட்டிக்கொள்கிறார்கள்? யார் எதற்கு அஞ்சுகிறார் என்று பாருங்கள், புரிந்துவிடும்.

உங்கள் நண்பர் அஞ்சுவது அரசுக்கு. இந்த அச்சம் பழையது. 1690-களில் இங்கிலாந்தின் வெள்ளி நாணயங்களை ஓரத்தில் வெட்டி வெட்டியே எடை குறைத்திருந்தார்கள். புது நாணயத்தில் வெள்ளியின் அளவைக் குறைத்துவிடலாம் என்றார் கருவூலச் செயலாளர் லோண்டஸ். தத்துவஞானி ஜான் லாக் விடவில்லை. மக்கள் ஒப்பந்தம் செய்தது வெள்ளியின் எடையை நம்பித்தான், அதில் கைவைப்பது கடன் கொடுத்தவரின் சொத்தைப் பறிப்பது என்று வாதிட்டார். 1696-ல் அவர் பக்கமே வென்றது. அப்புறம் வந்த நாணயத் தட்டுப்பாட்டில் அவதிப்பட்டது எளிய மக்கள். பணம் வெளியிடுவதில் அரசின் ஏகபோகமே கூடாது என்று 1976-ல் பொருளியலாளர் ஹாயெக் எழுதியதும், பிட்காயின் எண்ணிக்கையை 2 கோடியே 10 லட்சத்துக்கு மேல் போகாதபடி பூட்டியதும் இந்த வழியில் வந்தவைதான்.

அமைப்பினர் அஞ்சுவது தனியார் வங்கிக்கு. பணம் பொதுச் சொத்து, அதைப் படைக்கும் அதிகாரம் லாபத்துக்கு இயங்கும் நிறுவனத்திடம் எப்படிப் போனது என்பது அவர்கள் கேள்வி. 1844-ல் இங்கிலாந்துச் சட்டம் தனியார் வங்கிகள் நோட்டு வெளியிடுவதைக் கட்டுப்படுத்தியது, ஆனால் கணக்கில் எழுதும் பணத்தை விட்டுவிட்டது. அந்த ஓட்டையை அடைக்கச் சொன்னதுதான் அமெரிக்கப் பொருளியலாளர்கள் சிலர் எழுதிய 1933-ன் சிகாகோ திட்டம். அதை முன்வைத்தவர்களில் ஒருவரான ஹென்றி சைமன்ஸ் சந்தைப் போட்டியை ஆழமாக நம்பியவர். இடது, வலது என்ற அளவுகோல் இங்கே உதவாது என்று நான் சொல்வது இதனால்தான்.

மூன்றாவது கூட்டமும் உண்டு, அவர்கள் அஞ்சுவது பணத்தைப் பூட்டிவைப்பவருக்கு. எல்லாப் பொருளும் கெடும்போது பணம் மட்டும் ஏன் கெடாமல் இருக்க வேண்டும் என்று கேட்டவர் பொருளியல் சிந்தனையாளர் சில்வியோ கெசல். 1932-ல் ஆஸ்திரியாவின் வோர்கல் என்ற சிற்றூரில் அதைச் செய்தே பார்த்தார்கள். ஊராட்சி வெளியிட்ட சீட்டில் மாதந்தோறும் அதன் மதிப்பில் 1 சதவீதத்துக்கு வில்லை (தபால்தலை போன்ற ஒட்டுச்சீட்டு) வாங்கி ஒட்ட வேண்டும், இல்லாவிட்டால் சீட்டு முழு மதிப்புக்குச் செல்லாது. செலவழித்துவிட்டால் வில்லைச் செலவு அடுத்தவர் தலையில். சீட்டு கைக்குக் கை ஓடியது. 1933-ல் ஆஸ்திரியாவின் மத்திய வங்கி அதை நிறுத்த வைத்தது.

இப்போது கையெழுத்துக்கு வருவோம். வங்கியிடமிருந்து அதிகாரத்தை எடுத்து யாரிடம் கொடுப்பீர்கள், அவர் தவறு செய்தால் மக்கள் எப்படித் தட்டிக்கேட்பது என்று அமைப்பிடம் கேளுங்கள். ‘சுதந்திரமான நிபுணர் குழு’ என்று மட்டும் பதில் வந்தால் எனக்குப் போதாது. பணம் படைக்கும் அதிகாரத்தை வங்கிகளிடமிருந்து எடுத்து மத்திய வங்கிக்கே தரலாமா என்று 2018 ஜூனில் சுவிட்சர்லாந்து வாக்கெடுப்பு நடத்தியபோது, அந்த அதிகாரம் கிடைக்கவிருந்த சுவிஸ் மத்திய வங்கியே திட்டத்தை எதிர்த்தது. நான்கில் மூன்று பங்குக்கு மேற்பட்டோர் வேண்டாம் என்று வாக்களித்தார்கள். நாடாளுமன்றத்துக்குக் கணக்குச் சொல்லும் ஏற்பாடு மனுவில் எழுத்தில் இருந்தால் நான் கையெழுத்துப் போடுவேன்.

நண்பரிடம் இன்னொரு கேள்வி: மந்தம் வந்து வேலைகள் போகும்போது, பூட்டிய அளவை மாற்றும் உரிமை யாருக்கு? யாருக்கும் இல்லை என்றால் அந்தச் சுமை கடனாளிகள் மேல்தான் விழும், லாக் காலத்துக் கதைதான்.

கடைசியாக ஓர் எச்சரிக்கை. மக்களுக்கு நேரடியாகப் பணம் தர வேண்டும் என்ற சமூகக் கடன் இயக்கத்தைத் தொடங்கிய டக்ளஸ், வங்கிகளை விமர்சிக்க ஆரம்பித்து யூத வெறுப்பில் போய் நின்றார். பேரேட்டை விட்டுவிட்டு ஓர் இனத்தையோ ரகசியக் கூட்டத்தையோ காட்டி யாராவது பேச ஆரம்பித்தால் எழுந்து வந்துவிடுங்கள்.