உப்பளத்துக் கசப்புத் தண்ணீரை நம்பி மகனைப் படிக்க வைக்கலாமா?

அண்ணாச்சி, போன வாரம் தம்பியோடு வந்தபோது கூட்டத்தில் நிதானமாகப் பேச முடியவில்லை. "தூத்துக்குடி உப்பளத்தில் நான் வெந்தது போதாதா, படித்துவிட்டு இவனும் அங்கேதான் வரணுமா?" என்று கேட்டுவிட்டுப் போனீர்கள். நியாயமான கேள்விதான்.

தம்பி விட்டுப்போன பாட்டில் என் மேசையில் இருக்கிறது. உப்பு வாரிய பிறகு பாத்தியில் தங்கும் கசப்புத் தண்ணீர்; தொட்டால் எண்ணெய் மாதிரி வழுக்குகிறது. ஒரு டன் உப்புக்கு ஏறக்குறைய ஆயிரம் லிட்டர் இப்படி மிஞ்சும். கடல் தண்ணீரில் லிட்டருக்கு 65 மில்லிகிராம் இருக்கும் புரோமின், அடர்த்தி 29 டிகிரி போமே (உப்பளத்தில் உப்புநீரின் செறிவை அளக்கும் அளவு, சூடு அல்ல) தாண்டிய இந்தத் தண்ணீரில் 2 கிராம் அளவுக்குத் திரண்டு நிற்கிறது. மெக்னீசியமும் பொட்டாஷும் அதே கதைதான். இது வெறும் ஏட்டுச் சமாச்சாரம் இல்லை. சென்னையில் தலைமையகம் வைத்திருக்கும் ஆர்ச்சியன் கெமிக்கல், குஜராத்தின் கட்ச் பகுதி ஹாஜிபிரில் உப்புநீரிலிருந்து புரோமின் எடுத்து விற்கிறது.

தம்பிக்கு ஆசை, இந்தத் தண்ணீரை வைத்துக் காற்றிலிருக்கும் கார்பன் டை ஆக்சைடு வாயுவைப் பிடிப்பதில். வாஷிங் சோடாவைப் போட்டுக் காட்டினான். தண்ணீர் பால் மாதிரி வெளுத்தது. அந்த வெள்ளை மெக்னீசியம் கார்பனேட். சரி, ஆனால் அதிலிருக்கும் கார்பன் சோடாவிலிருந்து வந்தது, காற்றிலிருந்து அல்ல. வெறும் வாயுவை ஊதினால் எதுவும் படியாது, காரம், அதாவது காஸ்டிக் சோடா மாதிரி ஒன்று, சேர்க்கணும். அந்தக் காரத்தை நிலக்கரி மின்சாரத்தில் தயாரித்தால், பிடித்ததைவிட விட்டது அதிகமாகிவிடலாம். மலிவான, புகையில்லாத காரம் எப்படிக் கிடைக்கும் என்பதில்தான் ஆராய்ச்சி நடக்கிறது. ஆக, இன்றைக்கு இது ஆராய்ச்சி வேலை. விளம்பரம் பார்த்து விண்ணப்பிக்கும் வேலையாக இன்னும் ஆகவில்லை.

வாயு பிடிக்கும் தொழில் நம்ம ஊருக்குப் புதுசு இல்லை. 2016-இல் தூத்துக்குடி அல்கலி கெமிக்கல்ஸ் ஆலையில், கொதிகலன் புகையிலிருந்து ஆண்டுக்கு 60,000 டன் பிடித்து சோடா ஆஷ் தயாரிக்கும் ஏற்பாடு வந்தது. அங்கே தேவைப்பட்டது கெமிக்கல் என்ஜினீயர்கள்.

அதனால், பெயரிலேயே 'கார்பன்' ஒட்டிய புதுப் பட்டப்படிப்பு எதிலும் சேர்க்காதீர்கள். கெமிக்கல் என்ஜினீயரிங் போடுங்கள். காரைக்குடி சிக்ரியில் (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம்) கெமிக்கல் அண்ட் எலக்ட்ரோகெமிக்கல் பி.டெக். இருக்கிறது, அண்ணா பல்கலைக்கழகப் பட்டம். உப்புத் தண்ணீரில் மின்சாரம் செலுத்திக் காரம் எடுப்பது அந்தப் படிப்பின் வயிற்றிலேயே இருக்கும் விஷயம், எனக்கு அதுதான் முதல் சாய்ஸ். கட்-ஆஃப் எட்டாவிட்டால் பி.எஸ்சி. வேதியியல், அப்புறம் எம்.எஸ்சி., நெட் தேர்வு. நெட் உதவித்தொகையோடு பாவ்நகரில் 1954 முதல் இயங்கும் மத்திய உப்பு, கடல் ரசாயன ஆராய்ச்சி நிலையத்தில் பிஎச்.டி.க்கு முயலலாம். ஆனால் முடிக்க 27, 28 வயதாகிவிடும். அதுவரை அவன் சம்பளத்தை எதிர்பார்க்காமல் வீடு ஓடுமா என்று அவன் அம்மாவோடு உட்கார்ந்து பேசுங்கள். ஓடாது என்றால் பி.டெக்.கே போதும், ரசாயன ஆலை, உர ஆலை, கடல்நீர் குடிநீர் நிலையம் எதற்கும் போகலாம்.

சனிக்கிழமை தம்பியை மதிப்பெண் பட்டியலோடு அனுப்புங்கள், சாய்ஸ் லிஸ்ட் போட்டுவிடலாம். அந்தப் பாட்டிலையும் எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். மூடி கசிந்து மேசையெல்லாம் பிசுபிசுப்பு, எத்தனை முறை துடைத்தாலும் காயமாட்டேன் என்கிறது.