ஒட்சிசன் இல்லாத வைத்தியசாலை: நீதிமன்றம் போக ஒரு மாதம்தான் அவகாசம்

கேள்வி: மஸ்கெலியா பக்கத்துத் தோட்டத்தில் இருக்கிறோம். கொரோனா நேரம் பிரதேச வைத்தியசாலையில் ஒட்சிசன் இல்லை, அம்பியூலன்சும் நேரத்துக்கு வரவில்லை. துரையிடம் கேட்டால் "அது அரசாங்கத்து வேலை" என்றார். சுகாதாரப் பகுதியில் "தோட்டத்தில் கேளுங்கள்" என்றார்கள். இன்னொரு தொற்று வந்து இதே நடந்தால் நீதிமன்றம் போகலாமா?

பதில்: போகலாம். ஆனால் இந்தியச் செய்திகளில் பார்த்த மாதிரி இங்கே இலங்கையில் நடக்காது. 2021இல் அங்கே உச்ச நீதிமன்றம் யாரும் மனுப்போடாமலே ஒட்சிசன் பிரச்சினையைக் கையில் எடுத்தது. மே மாதம் 12 பேர் கொண்ட தேசியப் பணிக்குழுவையும் அமைத்தது. அவர்களுடைய அரசியலமைப்பின் 21ஆம் உறுப்புரையில் உயிர் வாழும் உரிமை பச்சையாக எழுதப்பட்டிருக்கிறது. நம் 1978 அரசியலமைப்பின் அடிப்படை உரிமை அத்தியாயத்தில் சுகாதார உரிமை என்று ஒரு வரிகூட இல்லை. ஆகவே 12(1)ஆம் உறுப்புரையை, அதாவது சட்டத்தின் முன் எல்லோரும் சமம் என்பதைப் பிடித்துத்தான் போக வேண்டும்.

தொற்றுக் காலத்தில் நம் உயர் நீதிமன்றம் (நாட்டின் அதியுயர் நீதிமன்றம்) சுகாதார முடிவுகளில் கைவைக்கத் தயங்கியது. கொரோனாவில் இறந்தவர்களின் உடல்களைக் கட்டாயமாகத் தகனம் செய்ததற்கு எதிரான மனுக்களை 2020 டிசம்பர் 1ஆம் திகதி விசாரணைக்கு எடுக்கவே மறுத்துவிட்டது. ஆனால் 2023இல் ஈஸ்டர் தாக்குதல் வழக்கிலும் பொருளாதார நெருக்கடி வழக்கிலும், பதவியில் இருப்பவர்கள் செய்ய வேண்டியதைச் செய்யாமல் விட்டதே 12(1) மீறல் என்று தீர்ப்பு வந்தது. தோட்டத்து மனுவுக்கு இந்த இரண்டும்தான் பலம்.

சமத்துவத்தை வைத்துப் பேசினால் ஒப்பீடு காட்டியாக வேண்டும். "எங்களுக்கு ஒன்றுமே கிடைக்கவில்லை" என்று மட்டும் எழுதிய மனு முதல் நாளே விழும். ஒரே சுகாதார வைத்திய அதிகாரி பிரிவில், ஒரே வாரத்தில், டவுனில் எத்தனை பேருக்குப் பரிசோதனை, தோட்டத்தில் எத்தனை பேருக்கு? ஒட்சிசன் சிலிண்டர் எங்கே போனது? அனுமதிக்கப்பட்ட வைத்தியர் பதவிகள் எத்தனை, ஆட்கள் எத்தனை? அம்பியூலன்ஸ் ஓட்டப் புத்தகம் என்ன சொல்கிறது? இவை எல்லாம் அலுவலகப் பதிவேடுகளில் இருக்கும். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்டு வாங்கலாம்.

இங்கேதான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். அடிப்படை உரிமை மனுவை மீறல் நடந்து ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்தில் போட வேண்டும் என்கிறது அரசியலமைப்பின் 126(2)ஆம் உறுப்புரை. தகவல் கோரிக்கைக்கு முடிவு சொல்லவே 14 வேலை நாள் அவகாசம் உண்டு. கட்டணம் இருந்தால் அதைக் கட்டிய பின் இன்னும் 14 நாள். பதில் வரட்டும் என்று காத்திருந்தால் மாதம் முடிந்துவிடும். கேட்பவரின் உயிர் சம்பந்தப்பட்ட கோரிக்கைக்கு 48 மணித்தியாலத்தில் பதில் தர வேண்டும் என்று அதே சட்டம் சொல்கிறது. நோயாளி வாட்டில் இருக்கும்போதே, அவர் பெயரிலேயே, அதைக் குறிப்பிட்டு எழுதுங்கள். தமிழிலேயே எழுதலாம், தமிழில் பதில் கேட்கவும் உரிமை இருக்கிறது.

கூடவே, அந்த மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறைப்பாடு செய்யுங்கள். 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின் 13ஆம் பிரிவுப்படி, ஆணைக்குழு விசாரிக்கும் காலம் அந்த ஒரு மாதக் கணக்கில் சேராது. முறைப்பாட்டு ரசீதை மட்டும் பத்திரப்படுத்தினால் போதாது. விசாரணை உண்மையில் நடக்கிறது என்பதற்கு அத்தாட்சி கேட்டு, இல்லாதபோது மனுவைத் தள்ளிய தீர்ப்பு உண்டு. ஆகவே இலக்கத்தையும், விசாரணைக்கு அழைத்த கடிதத்தையும் கேட்டு வாங்குங்கள்.

நடக்கும்போதே சேர்க்க வேண்டியவை: 1990 அம்பியூலன்ஸ் சேவைக்கு அழைத்த நேரம் (தொலைபேசியின் அழைப்புப் பட்டியலைப் படம் எடுத்து வையுங்கள்), டயக்னோசிஸ் கார்ட், இடமாற்றிய துண்டு, தோட்ட டிஸ்பென்சரியில் காட்டிய பதிவு, பார்த்தவர்களின் சத்தியக்கடதாசி. பெரிய துரைக்கும் பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளருக்கும் ஒரே நாளில் பதிவுத் தபாலில் கடிதம் அனுப்புங்கள். ஒருவரை ஒருவர் கைகாட்டும் விளையாட்டு அந்த இரண்டு ரசீதோடு முடியும்.

யாரை எதிராளியாகப் போடுவது? அடிப்படை உரிமை மனு நிர்வாகத்துறைச் செயலுக்கு எதிரானது; தனியார் கம்பனித் தோட்டத்தை மட்டும் வைத்து வழக்கு நிற்காது. தோட்டத் தொழிலாளருக்கு வைத்திய வசதி செய்யும் கடமையை 1912ஆம் ஆண்டின் மருத்துவத் தேவைகள் கட்டளைச் சட்டம் தோட்ட நிர்வாகத்தின் மேல் வைத்திருக்கிறது. அதைக் கவனிக்காமல் விட்ட அரச அதிகாரியை முன்னே வைத்து, கம்பனியைச் சேர்த்துக்கொள்ளலாம். ஜனவசம, பெருந்தோட்ட யாக்கம் ஆகியவற்றின் தோட்டம் என்றால் அவையே அரச நிறுவனங்கள், பாதை சுலபம். சட்டமா அதிபரையும் சேர்க்க வேண்டும்.

வைத்தியர் நியமனம், ஒட்சிசன் வழங்கல் போன்ற ஒரு குறிப்பிட்ட கடமையைச் செய்விக்க வேண்டுமென்றால் எழுத்தாணை (ரிட்) மனுவே பொருத்தம் என்பது என் எண்ணம். மாகாண சபையின் கீழுள்ள வைத்தியசாலை என்றால் மாகாண மேல் நீதிமன்றம். கண்டி தேசிய வைத்தியசாலை, பேராதனை போதனா வைத்தியசாலை போல மத்திய சுகாதார அமைச்சின் கீழ் இருப்பதென்றால் கொழும்பில் மேன்முறையீட்டு நீதிமன்றம். முதலில் திகதி குறித்துக் கேட்ட கடிதமும், மறுத்ததற்கோ பதிலே தராததற்கோ ஆதாரமும் வேண்டும். நாள் வரம்பு இல்லை என்றாலும் தாமதம் மனுவைக் கெடுக்கும். புது வாட்டுக் கட்டித் தா என்று கேட்டால் நீதிமன்றம் அது கொள்கை விஷயம் என்று ஒதுங்கும். சட்டத்தில் இருக்கும் கடமையைச் செய்யாத அதிகாரியை அழைத்துக் கேட்கச் சொன்னால் காது கொடுக்கும்.

செலவுக்குப் பயந்து நிற்க வேண்டாம். நீதிமன்ற வளாகங்களில் உள்ள சட்ட உதவி ஆணைக்குழு நிலையத்தைக் கேளுங்கள். வசதியில்லாதவர் எழுதிய கடிதத்தையே மனுவாக ஏற்க உயர் நீதிமன்றத்தின் 1990ஆம் ஆண்டு விதிகளில் 44ஆம் விதி இடம் தருகிறது.

கவலையீனத்தால் உயிர் போயிருந்தால் நட்டஈட்டு வழக்கு தனி. அது மாவட்ட நீதிமன்றத்தில், இரண்டு வருடத்துக்குள். அரசுக்கு எதிராகப் போடுமுன் ஒரு மாத எழுத்து அறிவித்தல் கொடுக்க வேண்டும். அந்த மாதத்தையும் சேர்த்துத்தான் நாளைக் கணக்கிட வேண்டும்.