பூனைக்குட்டி பாலைக் கக்குகிறது, உடம்பு சில்லென்று இருக்கிறது

பால் கொடுப்பதை இப்போதைக்கு நிறுத்துங்கள், முதலில் சூடு. மழையில் எடுத்து வந்த மூன்று வாரக் குட்டி பசும்பாலைக் கக்குகிறது, பேதியும் போகிறது, தொட்டால் சில்லென்று இருக்கிறது என்கிறீர்கள். குளிர்ந்துபோன குட்டிக்குச் செரிமானம் நடக்காது, கக்குகிற பால் நுரையீரலுக்குள் போனால் அது வேறு தனி வம்பு.

பாட்டிலில் வெந்நீர் ஊற்றித் துணி சுற்றிப் பெட்டியின் ஒரு பக்கம் மட்டும் வையுங்கள், சூடு அதிகமானால் குட்டி நகர்ந்து போக இடம் வேண்டும். அவசரப்படாமல் ஒன்றிரண்டு மணி நேரத்தில் மெதுவாகச் சூடேறட்டும்.

பேதிக்குப் பெரும்பாலும் பசும்பால்தான் காரணம். செல்லப்பிராணிக் கடைகளில் பூனைக்குட்டிக்கான பால் பவுடர் கிடைக்கும், குட்டி சூடேறிய பிறகு நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை அதைக் கொடுங்கள். கைக்குழந்தை மாதிரி மல்லாத்தி மட்டும் ஊட்டாதீர்கள் (எல்லாரும் செய்கிற தப்பு, நானும் செய்தேன்), குப்புற வைத்துத் தலை லேசாக நிமிர்ந்திருந்தால் போதும். அப்புறம் வெதுவெதுப்பான ஈரப் பஞ்சால் பின்பக்கத்தைத் தடவிவிடுங்கள், இந்த வயதில் பல குட்டிகள் தானாக மூத்திரம் போகாது.

ஈறைப் பாருங்கள். இளஞ்சிவப்பாக இருந்தால் சரி. வெளுத்திருந்தால் தெள்ளுப்பூச்சி ரத்தத்தைக் குடித்திருக்கலாம். சீப்பால் வாரி எடுங்கள், நாய்க்கான தெள்ளு மருந்து வேண்டவே வேண்டாம், அதில் பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி இருந்தால் பூனை செத்தே போகலாம். பாராசிட்டமாலும் அப்படித்தான், ஒரு சொட்டுகூடக் கூடாது.

சூடேறிய பிறகும் சப்பவில்லை, அல்லது ஈறு வெளுப்பு என்றால் விடியட்டும் என்று காத்திருக்காமல் கால்நடை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.