கேம்பரைக் கட்டுவது பெட்டிலா, சேஸிஸிலா?

கேள்வி: எங்களிடம் 2018 மாடல் ஃபோர்டு எஃப்-150 பிக்கப் டிரக் இருக்கிறது. அதன் முதுகில் ஏற்றிக்கொள்கிற டிரக் கேம்பர் (உள்ளே தங்கிப் படுக்கிற பெட்டி வீடு) ஒன்றைப் பழசில் விலை பேசி வைத்திருக்கிறோம். பெட்டின் (வண்டியின் பின்பக்கச் சரக்குத் தொட்டி) மூலையில் மாட்டும் கொக்கி மலிவாகக் கிடைக்கிறது, அடிச்சட்டமான சேஸிஸில் பூட்டும் டை-டவுன் (கேம்பரைக் கட்டும் பிடி) பல மடங்கு விலை. வீட்டில் கிடக்கிற ராட்செட் பெல்ட்டே போதும் என்கிறார் நண்பர். எதை வாங்குவது? - வாசகர், டாலஸ்

பதில்: நண்பரிடம் அந்த பெல்ட்டால் சோபாவைக் கட்டிக்கொள்ளச் சொல்லுங்கள். பெல்ட் இரும்பு விளிம்பில் உரசி உரசி நூல் பிரியும், அதை நம்பி நெடுஞ்சாலையில் ஒரு டன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போக முடியாது.

உங்கள் வண்டிக்கு நான் சேஸிஸ் பக்கம்தான். 2015-லிருந்து எஃப்-150-இன் பாடியும் பெட்டும் அலுமினியம், அடியில் இருக்கும் சேஸிஸ் மட்டும் எஃகு. பக்கக் காற்று அடிக்கும்போது கேம்பரின் மேல்பக்கம் சாயப் பார்க்கும், அந்த இழுப்பு முழுவதும் கட்டிய இடத்துக்குத்தான் வரும், அது தகட்டில் வந்தால் முதலில் நெளியும், அப்புறம் போல்ட் ஓட்டை கிழியும். டார்க்லிஃப்ட் மாதிரியான கம்பெனிகள் வண்டி மாடலுக்கு மாடல் தனித்தனியாகச் செய்கின்றன. அதனால் மாடல், வருஷம், பெட் நீளம் மூன்றையும் சொல்லி வாங்குங்கள். நாளைக்கு வண்டியை மாற்றினால் இது கூட வராது என்பது ஒரு நஷ்டம்தான்.

டர்ன்பக்கிளில் (கேம்பரையும் டை-டவுனையும் இணைக்கும் செயினைத் திருகி இறுக்கும் கருவி) கஞ்சத்தனம் வேண்டாம், ஸ்பிரிங் வைத்ததாகவே வாங்குங்கள். மேடு பள்ளத்தில் சேஸிஸ் முறுக்கிக்கொள்ளும், கேம்பர் முறுக்காது. இடையில் கொஞ்சம் விட்டுக்கொடுக்க ஸ்பிரிங் இல்லையென்றால் கேம்பரின் மரச்சட்டத்திலிருந்து செயின் மாட்டும் கண் போல்ட்டே (வளையத் தலை போல்ட்) பிடுங்கிக்கொண்டு வரும். இதே காரணத்தால், பலம் காட்டி அளவுக்கு மேல் முறுக்குவதும் தப்பு.

நீங்கள் வாங்குவது பழசு என்பதால் அந்த நாலு கண் போல்ட்டையும் சுற்றி ஸ்க்ரூடிரைவர் முனையால் குத்திப் பாருங்கள். மரம் மெத்தென்று உள்ளே போனால் தண்ணீர் இறங்கி உளுத்துவிட்டது என்று அர்த்தம், அதில் எந்த உயர்ந்த டர்ன்பக்கிளை மாட்டியும் பிரயோஜனமில்லை.

செயினில் திறந்த கொக்கி இருந்தால் மாற்றிவிடுங்கள். யூட்டா மாநிலத்து மோவாப் பக்கம் அலை அலையாக இருக்கும் மண் சாலை ஒன்றில் போய்விட்டு, ஒன்றுக்குப் போக இறங்கியவன் தற்செயலாகப் பின்பக்கம் பார்த்தேன், இடது செயின் தொய்ந்து கொக்கி கழன்று வெறுமனே ஆடிக்கொண்டிருந்தது. எத்தனை மைலாக அப்படி வந்தேனோ! அன்றிலிருந்து திருகி மூடுகிற இணைப்புதான், கிளம்பிய அரை மணி நேரத்தில் நிறுத்தி நாலு மூலையையும் கையால் ஆட்டிப் பார்ப்பதும்தான். கேம்பருக்கு அடியில் கனமான ரப்பர் மேட் ஒன்றும் போடுங்கள், வழுக்குவது குறையும். முன் செயின் இரண்டும் முன்பக்கமாகவும் பின் செயின் பின்பக்கமாகவும் சாய்ந்து இழுக்க வேண்டும், நேர் செங்குத்தாகக் கட்டினால் பிரேக் அடிக்கும்போது பெட்டி நகரும்.

சரி, நீங்கள் கேட்காத ஒன்று. டிரைவர் கதவைத் திறந்தால் தூணில் மஞ்சள் ஸ்டிக்கர் இருக்கும், ஆட்களும் சரக்கும் சேர்த்து எத்தனை பவுண்டு தாங்கும் என்று அதில் போட்டிருக்கும். எஃப்-150-இல் ஒரு வண்டிக்கு இருக்கும் எண் அடுத்த வண்டிக்கு இருக்காது. கேம்பர் விளம்பரத்தில் போடுவதோ பெரும்பாலும் காலி எடை. 40 கேலன் தண்ணீர் நிரப்பினாலே 330 பவுண்டு ஏறிவிடும், அதன் மேல் பேட்டரி, கேஸ் சிலிண்டர், நீங்கள் எல்லாரும். முன்பணம் கொடுத்துவிட்டீர்களா? இல்லையென்றால் அந்த ஸ்டிக்கரைப் படித்துவிட்டு எழுதுங்கள், டை-டவுன் விலையை அப்புறம் பேசலாம்.