டீசல் பிக்கப்பில் எஞ்சினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட் துரு நிறமாகிவிட்டது. சிங்கப்பூரில்தான் பனியே இல்லையே, வடித்துவிட்டுக் குழாய்த் தண்ணீரே ஊற்றினால் என்ன?

வேண்டாம் தம்பி. உறையாமல் காப்பது கூலன்டின் ஒரு வேலைதான். கொதிநிலையை உயர்த்துவதும் துருவைத் தடுப்பதும் நமக்கு அதைவிட முக்கியம். சில டீசல் எஞ்சின்களில் இன்னொன்றும் உண்டு. எரிபொருள் எரியும் அதிர்வில் சிலிண்டர் லைனரின், அதாவது பிஸ்டன் ஓடும் இரும்புக் குழலின், வெளிப்புறம் நடுங்கும். அங்கே கூலன்டில் உண்டாகும் நுண்குமிழிகள் உடைந்து உடைந்து இரும்பையே அரித்துக் குழியாக்கும். கூலன்டில் உள்ள சேர்மானம்தான் அதற்குக் கவசம். வெறும் தண்ணீரில் அது கிடையாது.

முதலில் எஞ்சின் நன்றாக ஆறட்டும். சூட்டில் ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் கொதிநீர் முகத்தில் அடிக்கும். இதில் அவசரமே கூடாது. ரேடியேட்டரின் அடியில் உள்ள திருகைத் திறந்து வடித்தாலும் ஒரு பகுதி எஞ்சினுக்குள்ளேயே தங்கிவிடும். அதனால் காய்ச்சி வடித்த நீரை ஊற்றி, ஓட்டி, ஆறவிட்டு, தெளிவாக வரும்வரை வடியுங்கள். அப்புறம் கையேட்டில் சொன்ன வகையையே ஊற்றுங்கள். நிறத்தைப் பார்த்து வாங்காதீர்கள், ஒரே நிறத்தில் வெவ்வேறு வகைகள் உண்டு. நீர் கலக்காத அடர்கூலன்ட் என்றால், உள்ளே தங்கிய நீரையும் கணக்கில் சேர்த்து, காய்ச்சி வடித்த நீரோடு சரிபாதியாக இருக்க வேண்டும். கலந்தே விற்பதை நீர் சேர்க்காமல் அப்படியே ஊற்றலாம், ஆனால் உள்ளே அலசிய நீர் தங்கியிருந்தால் அது நீர்த்துவிடும்.

மூடியைத் திறந்துவைத்து எஞ்சினை ஓடவிட்டால் காற்று வெளியேறும். மட்டம் இறங்க இறங்க நிரப்புங்கள். மறுநாள் காலை மறுபடி பாருங்கள்.

பழையதை வடிகாலில் மட்டும் கொட்டாதீர்கள். அது நச்சு, இங்கே மழைநீர் வடிகால்கள் பெரும்பாலும் நாம் குடிக்கும் நீர்த்தேக்கங்களுக்கே போகின்றன. புட்டியில் அடைத்துப் பட்டறையில் கொடுங்கள்.