சேற்றில் முன்பக்கம் தூக்கும் டிராக்டர்: உங்கள் கேள்விக்குப் பதில்

வணக்கம். சேற்று உழவில் பின்சக்கரம் புதைந்தால் டிராக்டரின் முன்பக்கம் மேலெழுகிறது என்றும், சக்கரத்தோடு மரக்கட்டையைக் கட்டி ஏற்றலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். கட்டையைக் கட்டவே கட்டாதீர்கள். பின்சக்கரம் சுழல முடியாமல் பூட்டிக்கொண்டால், எஞ்சினின் விசை முழுவதும் அச்சைச் சுற்றி வண்டியின் உடலையே பின்னோக்கித் தூக்கும். அது கவிழ இரண்டு விநாடிகூட ஆகாது என்பதால், உடனே கிளட்சை மிதித்துக்கொள்ளலாம் என்று நம்பியிருக்க முடியாது.

ரோட்டவேட்டரின் (டிராக்டரின் பின்னால் மாட்டும் சுழல்கலப்பை) சுழற்சியை நிறுத்தி, சக்கரத்தின் பின்னுள்ள சேற்றை வெட்டிவிட்டு, ரிவர்ஸ் கியரில் மெதுவாகப் பின்வாங்குங்கள். வராவிட்டால் இன்னொரு டிராக்டரால் இழுக்கலாம். ஆனால் இழுக்கும் வண்டியில் சங்கிலியைத் தாழ்வான இழுவைச் சட்டத்தில்தான் மாட்ட வேண்டும், டாப் லிங்க்கில் (பின்புறம் கருவியை மாட்டும் மேல் இணைப்புத் தண்டு) மாட்டினால் அதுவும் கவிழக்கூடும். சுவீடன் 1959இலேயே புதிய டிராக்டர்களுக்குக் கட்டாயமாக்கிய, வண்டி கவிழ்ந்தால் ஓட்டுநர் நசுங்காமல் காக்கும் பாதுகாப்புச் சட்டகம் உங்கள் வண்டியில் இருந்தால், சீட் பெல்ட்டையும் அவசியம் போடுங்கள். சட்டகம் இல்லாவிட்டால் பெல்ட் போடக் கூடாது.