வெவ்வேறு மதத்தினர் வாழும் ஊரில் இளைஞர்கள் நல்லிணக்கத்துக்கு என்ன செய்யலாம்?

கேள்வியைப் பார்த்தால் நீங்கள் கல்லூரியில் என்எஸ்எஸ் மாதிரி ஏதோ ஒன்றில் இருக்கிறீர்கள், கூட்டம் நடத்தச் சொல்லியிருக்கிறார்கள் என்று தோன்றுகிறது. தயவுசெய்து மூன்று மதப் பெரியவர்களை மேடையேற்றிப் பொன்னாடை போர்த்துவதோடு நிறுத்திவிடாதீர்கள். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

2015 டிசம்பர் 1, செவ்வாய்க்கிழமை. தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ. மழை, செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து நொடிக்கு 29,000 கனஅடி தண்ணீர் திறந்துவிட்டார்கள். சென்னை சைதாப்பேட்டையில் அடையாற்றோரம் எங்கள் வீடு, எனக்கு அப்போது 20 வயது. விடிவதற்குள் மார்பளவு தண்ணீர். போன் டவர் இல்லை, கரண்ட் இல்லை. மேட்டிலிருந்த பள்ளிவாசலைத் திறந்துவிட்டார்கள், தெருவே அங்கேதான் போனது. என் பாட்டி மட்டும் வாசலிலேயே தயங்கி நின்றாள், நெற்றி நிறைய விபூதி. என் வயதுப் பையன் ஒருவன் வந்து "உள்ள வாங்க பாட்டிம்மா, படி வழுக்கும்" என்று கையைப் பிடித்துக்கொண்டான். நான்கு ராத்திரி அங்கேதான் படுத்தாள்.

தண்ணீர் வடிந்ததும் எங்கள் அம்மன் கோயிலில் முழங்காலளவு சேறு. பள்ளிவாசல் பையன்கள் பத்துப் பேர் மண்வெட்டியோடு வந்தார்கள். கருவறைப் படியருகே வந்ததும் அப்படியே நின்றுவிட்டார்கள். பூசாரி ஒன்றும் பேசாமல் வாளியை நீட்டினார். அடுத்த வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கு முன்னால் நாங்கள் போய்ப் பள்ளிவாசலைப் பினாயில் போட்டுக் கழுவிக் கொடுத்தோம்.

"வெள்ளம் வந்தால்தான் ஒற்றுமையா, வடிந்ததும் போய்விடுமே" என்று யாராவது கேட்பீர்கள். பல இடங்களில் போயும்விட்டது, மறுக்கவில்லை. எங்களுக்குள் தங்கியதற்குக் காரணம், அன்று வாங்கிக்கொண்ட போன் நம்பர்கள். ரத்தம் வேண்டுமென்றால் கூப்பிடுவோம், நோன்புக் கஞ்சிக்குத் தூக்குவாளியோடு போவோம், ஆடிக் கூழுக்கு அவர்கள் வருவார்கள். யாரும் யாருக்கும் மதத்தைப் பற்றிப் பாடம் எடுத்ததில்லை. நான் இன்றும் கோயிலுக்குப் போகிறவன்தான், பாட்டியின் கையைப் பிடித்த அந்தப் பையனும் ஐந்து வேளை தொழுகிறவன்தான்.

சில வருடம் கழித்து, எங்கள் தெரு முனையில் பிள்ளையார் ஊர்வலத்தில் கல்லெறிந்துவிட்டார்கள் என்று குடும்ப வாட்ஸ்அப் குழுவில் பெரியப்பா ஒரு வீடியோவை அனுப்பினார். நான் அப்போது கோயம்புத்தூரில் வேலையில் இருந்தேன். கை நடுங்கியது, உண்மையைச் சொல்கிறேன், அதை நாலு பேருக்கு அனுப்பத்தான் முதலில் தோன்றியது. அப்புறம் அவனைக் கூப்பிட்டேன். சட்டையை மாட்டிக்கொண்டே தெரு முனைக்குப் போய் வீடியோ காலில் காட்டினான். ஊர்வலம் அமைதியாகப் போய் ஒரு மணி நேரம் ஆகியிருந்தது, டீக்கடைக்காரர் பாய்லர் கழுவிக்கொண்டிருந்தார். அதை அப்படியே படம் பிடித்துக் குழுவில் போட்டேன்.

பெரியப்பா வீடியோவை அழித்துவிட்டார். வேறொன்றும் சொல்லவில்லை. மறுநாள் போன் செய்து, "அந்த பாய் பையன் இப்ப என்ன வேலை பாக்குறான்?" என்று விசாரித்தார்.